அடிவாரமும் அவன் வீடுதான்

ஓம் சரவணபவ!

தம்பி தங்கைகளே, இந்தப் பதிவு முக்கியமா உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பஸ்ல போகும்போது படிச்சா சரியா இருக்கும்.

ஒரு சின்னக் கேள்வி. ஆறுபடை வீடுகளில் மூன்றாவது எது? யோசிக்காம "பழனி"ன்னு சொல்லிடுவீங்க. சரி, பழனியில் எங்கே? மலை உச்சியில் தண்டம் ஏந்தி நிற்கிறாரே, அந்தக் கோயிலா? பெரியவங்க படைவீடுன்னு குறிப்பிடுறது மலைக்குக் கீழே இருக்கிற திருஆவினன்குடியை. மயில் மேல குழந்தையா உட்கார்ந்திருக்கிற முருகன். அவரைக் கும்பிட்டுட்டுத்தான் மலை ஏறணும்ங்கிறது வழக்கம். நம்மில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா விஞ்ச் வரிசையில போய் நிற்கிறோம். மேலே போய் ஒரு போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ். படைவீட்டுக்குப் போயிட்டு படைவீட்டையே பார்க்காம வர்றோம்.

இதை நான் கோயில் வாசலில் உட்கார்ந்து யோசிக்கலை. போன செப்டம்பரில், கலிபோர்னியாவில், கோயிலே இல்லாத ஒரு பாலைவன அடிவாரத்தில் டெண்ட் போட்டுப் படுத்திருந்தப்ப யோசிச்சது. அதைத்தான் சொல்லப் போறேன்.

நான் வேலைக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கேன்னு இங்கே வழக்கமா படிக்கிறவங்களுக்குத் தெரியும். மாசம் ஒரு தடவை கூடிப் பாடுற எங்க சின்னக் குழுவிலிருந்து அஞ்சு பேர் விட்னி மலைக்குக் கிளம்பினோம். அமெரிக்காவில் அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுட்டா, மீதி 48 மாநிலங்களில் இதுதான் ரொம்ப உயரமான சிகரம், 4,421 மீட்டர். அதுக்கு மலையேற்றம் தெரிஞ்சவங்களே வருஷக் கணக்கில் காத்திருக்காங்க. மே 1 முதல் நவம்பர் 1 வரைக்கும் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் ஒரே நாளில் ஏறி இறங்க அனுமதி; வழியில் தங்கிப் போறவங்க 60 பேர். பிப்ரவரியில் லாட்டரி. எங்களுக்கு விழுந்துடுச்சு.

எங்களில் ஒரு தம்பிக்கு இது வெறும் மலையேற்றம் இல்லை. அவன் ஊர் பழனிக்குப் பக்கம். முந்தின வருஷம் அவங்க அம்மாவுக்கு இதய ஆபரேஷன். இவனுக்கு விசா ஸ்டாம்பிங் சிக்கல். ஊருக்குப் போனா திரும்பி வர முடியுமான்னு தெரியாத நிலைமை. போகலை. ஆபரேஷன் நடந்த அந்த ராத்திரி முழுக்க போனைக் கையில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் ஒரு வேண்டுதல் வெச்சான். "முருகா, பழனிக்கு வர முடியலை. அம்மாவைப் பிழைக்க வை. இந்த நாட்டில் எது ரொம்ப உயரமான மலையோ அதில் உன் வேலை எடுத்துக்கிட்டு ஏறுறேன்." அம்மா பிழைச்சுட்டாங்க. விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வேல், மஞ்சள் துணியில் சுத்தி, அவன் பையில் இருந்தது.

இப்போ இடத்தைப் பத்திக் கொஞ்சம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடக்கே மூணரை மணி நேரம் காரில் போனா ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. அங்கே லோன் பைன்னு ஒரு சின்ன ஊர். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்குது. கிழக்கே இன்யோ மலைகள். நடுவில் வறண்ட நிலம். பாலைவனம்னதும் மணல்மேடு, ஒட்டகம்னு நினைக்காதீங்க. இது மேட்டுப் பாலைவனம். ஊரே 1,100 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்கு. சாம்பல் பச்சையா குத்துச்செடிகள், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி, தண்ணிக்குச் சண்டை வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட்ட மாதிரி. வீடு அளவுக்கு உருண்டைப் பாறைகள். பசிபிக் கடலிலிருந்து வர்ற மேகம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துடும். இந்தப் பக்கம் வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிசு. பழனியும் உடுமலையும் மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவில் இருக்கிற கதைதான். அங்கே அது இன்னும் கடுமை.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஆறும் ஒரு பெரிய ஏரியும் இருந்தது. 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கால்வாய் வெட்டித் தண்ணியைக் கொண்டு போனாங்க. ஏரி காஞ்சு புழுதியாச்சு. அந்த மண்ணோட பூர்வ குடிகளான பையூட் மக்கள் அந்த இடத்துக்கு வெச்ச பேருக்கு அர்த்தம், தண்ணீர் ஓடும் நிலம். நாங்க வீட்டில் குழாயைத் திறந்தா வர்ற தண்ணியில் அவங்க தண்ணியும் இருக்கு. அங்கே பாட்டிலைத் திறந்து குடிக்கும்போது இது மனசில் வராம போகாது.

முதல் ராத்திரி டட்டில் கிரீக்ங்கிற ஓடைக்கரை முகாமில் தங்கினோம். 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கின காத்து டெண்டைத் தூக்கிப் போட்டு விளையாடுச்சு. நாலு மூலையிலும் கல்லை வெச்சுத்தான் நிறுத்தினோம். பகலில் சட்டையைக் கழட்டலாம் போல வெயில். சூரியன் மலைக்குப் பின்னாடி மறைஞ்ச அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர், குல்லாய். காத்தில் ஈரம் இல்லை, மேலே மேகம் இல்லை. நிலம் பகலில் வாங்கின சூட்டை அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துடும்.

நம்ம பழைய இலக்கணத்தில் குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன். பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. பாலை நிலத்துக்குத் தொல்காப்பியத்தில் தனித் தெய்வம் இல்லை. கொற்றவைன்னு சொன்னது பின்னாடி வந்தவங்க. அந்தக் கொற்றவையோட மகன்னுதான் திருமுருகாற்றுப்படை முருகனைக் கூப்பிடுது. டெண்டுக்கு வெளியே கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தப்ப இதுதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருக்கிறது பாலையில். எதிரே நிற்கிறது குறிஞ்சி. அம்மா மடியில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. ராத்திரி பதினொரு மணி இருக்கும், கிழக்கே இன்யோ மலைக்கு மேல கார்த்திகை ஏறி வந்தது. அவனைப் பால் கொடுத்து வளர்த்த ஆறு பேரும். நம்ம ஊர் டவுன்ல புகையும் வெளிச்சமுமா கார்த்திகை நட்சத்திரத்தைக் கடைசியா எப்போ பார்த்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அங்கே கையை நீட்டினா எட்டும் போல இருந்தது. யாரும் பேசலை. ஒரு தங்கச்சி மட்டும் மெதுவா "முருகா"ன்னு சொன்னா.

விடியும்போது இன்னொண்ணு. கிழக்குப் பார்த்த சிகரங்கள்ங்கிறதால முதல் வெயில் உச்சியில்தான் படும். கீழே நாம இருட்டில் இருக்கோம், மேலே பாறை முழுக்கச் செக்கச்சிவப்பு. சேயோன்னா சிவந்தவன். அந்தப் பேரை யாரு எதைப் பார்த்து வெச்சாங்களோ, எனக்கு அந்தக் காலையில் அது பொருந்திப் போச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு "விட்னி நம்ம முருகன் மலை"ன்னு யாரும் பார்வர்ட் போடாதீங்க. அந்த மலையைத் தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச பையூட், ஷோஷோனி மக்கள் இன்னைக்கும் லோன் பைனில் வாழறாங்க. நாம அங்கே விருந்தாளி. விருந்தாளி வீட்டுச் சுவரில் தன் பேரை எழுத மாட்டான். உள்ளே நினைச்சுக் கும்பிடறதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம். கல்லில் பட்டை போடறதும் சூலம் வேல்னு கிறுக்கறதும் வேற விஷயம்.

இப்போ விட்னி செய்யற ஒரு வேடிக்கை. ஊருக்குள் நின்னு பார்த்தா கண்ணில் படறது இடது பக்கம் இருக்கிற லோன் பைன் சிகரம். அது பெரிசா, கம்பீரமா நிற்கும். "அதுதானே விட்னி?"ன்னு வர்றவங்க எல்லாரும் கேட்பாங்க. உண்மையில் அது 4,000 மீட்டர் கூட இல்லை. பக்கத்தில் இருக்கிறதால பெரிசாத் தெரியுது. விட்னி வலது பக்கம், உள்ளே தள்ளி, ஊசி ஊசியான பாறைகளுக்குப் பக்கத்தில், குட்டையாத் தெரியும். யாராவது விரல் நீட்டிக் காட்டினாத்தான் தெரியும்.

இதில் ஏமாந்தது நம்ம மாதிரி டூரிஸ்ட் மட்டும் இல்லை. கிளாரன்ஸ் கிங்னு ஒருத்தர், பெரிய நிலவியல் அறிஞர். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்குப் பின்னாளில் முதல் இயக்குநர் ஆனவர். 1864-ல் இந்த மலைக்கு விட்னின்னு பேர் வெச்ச குழுவில் இருந்தார். அந்த வருஷமே ஏறப் பார்த்தார், முடியலை. 1871-ல் திரும்ப வந்து, மேகமூட்டத்தில் ஏறி, உச்சியைத் தொட்டுட்டேன்னு புத்தகத்திலும் எழுதிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அவர் ஏறினது தெற்கே இருக்கிற வேற மலை. இப்போ அதுக்கு லாங்லின்னு பேர். சேதி கேட்டு நாட்டோட அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து 1873 செப்டம்பரில் உண்மையான விட்னியில் ஏறினார். ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, ஆகஸ்ட் 18-ல், மீன் பிடிக்கப் போன லோன் பைன் ஊர்க்காரங்க மூணு பேர் ஏறி இறங்கிட்டாங்க.

எனக்கு இந்தக் கிங்கைப் பிடிக்கும். அவரைக் கேலி பண்றவங்க நிறைய. ஆனா மேகத்துக்குள் நின்ன அந்த மனுஷன் மனசில் அன்னைக்கு எந்தப் பொய்யும் இல்லை. தான் நிற்கிறது விட்னிதான்னு நம்பி நின்னார். அந்த நிமிஷம் அவர் உணர்ந்த நன்றி வேற மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்னா நினைக்கிறீங்க?

ரெண்டாம் நாள் காலையில் முகாமிலிருந்து ஓடையை ஒட்டி மேலே நடந்தோம். அங்கே, சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், ஒரு கல் ஆசிரமம் இருக்கு. ஆமா, ஆசிரமம்தான். ஃபிராங்க்ளின் மெரல் உல்ஃப்னு ஒரு அமெரிக்கர், கணிதமும் தத்துவமும் படிச்சவர், ஆதிசங்கரரோட அத்வைதத்தில் மூழ்கினவர். அவரும் அவர் மனைவி ஷெரிஃபாவும் 1928-ல் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தாங்க. ஒரு நாட்டோட உயரமான சிகரத்துக்குப் பக்கத்தில்தான் அதன் ஆன்மிக மையம் இருக்கும்ங்கிற நம்பிக்கையில் வந்தாங்கன்னு சொல்றாங்க. சீடர்களோட சேர்ந்து கோடைக்குக் கோடை கல்லை அடுக்கிக் கட்டினாங்க, சுமார் இருபது வருஷம். நாலு பக்கமும் சம அளவில் நீளுற சிலுவை வடிவம். கூரை வந்தது. கதவும் ஜன்னலும் வரலை. வேலை நின்னு போச்சு.

அதுக்குள்ள போய் நின்னோம். தரையில் புழுதி. கல்லாலான ஒரு பீடம். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியா ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கீழே பாலைவனம் முழுசும். காத்து உள்ளே வந்து உள்ளேயே சுத்துது. யோசிச்சுப் பாருங்க, சிகரத்தைத் தேடி வந்தவங்க சிகரத்தில் கட்டலை. அதோட காலடியில் கட்டினாங்க. அதுவும் முடிக்கலை. அப்புறமும் அந்த உல்ஃப் 1985 வரைக்கும் வாழ்ந்தார். முடியாத கட்டடத்துக்காக அவர் வாழ்க்கை நிற்கலை. எங்க தம்பி அந்தப் பீடத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். வேலை வெளியே எடுக்கலை. "மேலதான் எடுக்கணும் அண்ணா"ன்னான்.

அன்னைக்கு மத்தியானம் விட்னி போர்ட்டலுக்குப் போனோம். லோன் பைனிலிருந்து 20 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு ஏறுற ரோடு. 2,550 மீட்டர். அங்கேதான் நடைபாதை தொடங்குது. டிரெயில்ஹெட்னு சொல்வாங்க, நம்ம பாஷையில் அடிவாரம். பாலைவனம் கீழே போயிடும், பைன் மரம், அருவி. அங்கிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப சுமார் 35 கிலோமீட்டர். செங்குத்தா 1,870 மீட்டர் ஏறணும். அதில் ஒரு இடத்தில் மட்டும் 99 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெத்தியில் விளக்கைக் கட்டிக்கிட்டுக் கிளம்பறதா திட்டம்.

ஒன்பது மணிக்குத் தம்பிக்குத் தலைவலி. பத்து மணிக்கு வாந்தி. பதினொண்ணுக்கு இன்னொரு தடவை. கடல் மட்டத்தில் வாழற உடம்பு ரெண்டு நாளில் இவ்வளவு உயரத்துக்கு வந்தா சிலருக்கு இப்படி ஆகும். யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. பலசாலிக்கு வரும், பக்கத்தில் இருக்கிற ஒல்லிக்கு வராது. எங்களோட வந்த தங்கச்சி நர்ஸ். அவனை எழுப்பி, ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னா. நடந்துட்டான். தள்ளாடினா அது மூளை வீங்கறதோட அறிகுறியா இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. "அந்த அளவுக்குப் போகலை. ஆனா இந்தத் தலைவலியோட ஒரு அடி கூட மேல வைக்கக் கூடாது. கீழ இறங்கறதுதான் மருந்து"ன்னு சொல்லிட்டா.

அவன் கேட்கலை. "மாத்திரை போட்டுட்டு மெதுவா வரேன்" என்றான். அதட்டினேன். அப்புறம்தான் உண்மையான பயம் வெளியே வந்தது. இருட்டில், கரடி வராம இருக்க இரும்புப் பெட்டி வெச்சிருப்பாங்களே அது பக்கத்தில் உட்கார்ந்து, தலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்.

"வேண்டுதல் தவறினா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமோ அண்ணா? ஆபரேஷனுக்கும் போகலை. இதையும் செய்யலைன்னா நான் என்ன புள்ளை?"

தம்பி தங்கைகளே, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். ஏன்னா இதே பயம் உங்களில் நிறைய பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். 48 நாள் விரதத்தில் 31-வது நாள் காய்ச்சல் வந்து முட்டை சாப்பிடச் சொன்னாங்க, பாதயாத்திரையில் பாதி வழியில் கால் வீங்கி லாரியில் ஏறிட்டேன், முருகன் கோவிச்சுப்பாரான்னு கேட்கறீங்க.

அவனுக்கு நான் சொன்னது இடும்பன் கதை. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், வேற இடத்தில் நின்னு பாருங்க. அகத்தியர் சொல்லி, சிவகிரி சக்திகிரின்னு ரெண்டு மலையைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கிட்டு வர்றான் இடும்பன். பொதிகைக்குக் கொண்டு போகணும். அதுதான் அவன் ஒப்புக்கிட்ட வேலை. வழியில் அசதி. இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினா மலை அசையலை. மேலே பார்த்தா ஒரு சின்னப் பையன் கோவணத்தோட நிற்கிறான். சண்டை, இடும்பன் விழறான், முருகன் எழுப்பறான். அப்புறம் என்ன நடந்தது? "நீ பொதிகைக்குக் கொண்டு போகலையே"ன்னு முருகன் கேட்டாரா? அவன் தோளில் சுமந்த மாதிரியே சுமந்து வர்றவங்க எல்லாருக்கும் அருள் கொடுக்கறதா வரம் கொடுத்தார். நாம தூக்கற காவடி அங்கிருந்து வந்தது. மலை ஏறுற வழியிலேயே அவனுக்குச் சன்னதியும் இருக்கு.

அதாவது, பழனி மலை அங்கே இருக்கறதுக்குக் காரணமே ஒருத்தன் முடியாம இறக்கி வெச்சதுதான். போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை. அது எங்கே இறங்குச்சோ அங்கே வந்து நின்னான் முருகன்.

"உன்னால முடியாம போன இடம் இது. இறக்கி வை. அவன் வரட்டும்"னு சொன்னேன். அவன் உடனே சமாதானம் ஆகலை. அதையும் சொல்லிடறேன், கதை கேட்டதும் மனசு மாறிடுச்சுன்னு எழுதினா பொய். தலைவலி அதிகமாகித்தான் எழுந்தான். மத்த ரெண்டு தம்பிகளும் மேலே போறதா முடிவு பண்ணினாங்க. அவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அனுமதியும் இருந்தது. "வேலைக் கொடுடா, நாங்க உச்சிக்குக் கொண்டு போய் அங்கே வெச்சுக் கும்பிட்டுட்டு திருப்பிக் கொண்டு வரோம்"னு கேட்டாங்க. நானா இருந்தா கொடுத்திருப்பேன். ஒருத்தருக்காக இன்னொருத்தர் காவடி எடுக்கறது நம்மில் உண்டு, தப்பே இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வேணாம். இது என்னோட இருக்கட்டும்"னான்.

தங்கச்சி வண்டி ஓட்ட, மூணு பேரும் நடுராத்திரியில் அந்த வளைவுகளில் இறங்கினோம். திரும்பவும் டட்டில் கிரீக். ஆயிரம் மீட்டர் இறங்கினதும் அவன் முகம் தெளிஞ்சது. பின் சீட்டிலேயே தூங்கிட்டான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை உச்சிக்கு வந்துட்டிருந்தது. மலைச்சரிவு ரொம்ப மேலே ரெண்டு மூணு வெளிச்சப் புள்ளி ஊர்ந்து போச்சு. எங்க பசங்களா வேற யாருமான்னு தெரியாது. எல்லாருக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்.

காலையில் மலை சிவந்தது. அவன் எழுந்து வந்து, மஞ்சள் துணியை விரிச்சு, ஒரு உருண்டைப் பாறை மேல வேலை வெச்சான். கற்பூரம் கிடையாது, அந்தக் காய்ந்த நிலத்தில் தீ வைக்கவே கூடாது. கொஞ்சம் விபூதி நெத்திக்கு மட்டும். கை கூப்பினான். அஞ்சு நிமிஷம் இருக்கும். துணியில் சுத்தித் திரும்பப் பையில் வெச்சுக்கிட்டான்.

லோன் பைனுக்கு வந்ததும் சிக்னல் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில், "அம்மா, மலை ஏற முடியலைம்மா"ன்னான். அங்கே அவங்களுக்கு ராத்திரி.

"சாப்பிட்டியா?" அதுதான் முதல் கேள்வி. அப்புறம் சொன்னாங்க, "நான் மட்டும் ஏறினேனா? போன கிருத்திகைக்குப் போனப்ப விஞ்சுக்கு ரெண்டு மணி நேரம் வரிசைன்னாங்க. நிக்க முடியலை. ஆவினன்குடியிலயே கும்பிட்டுட்டு வந்துட்டேன். உன் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன். நீ எதுக்கு அவ்வளவு உசரத்துக்குப் போன? யாரு போகச் சொன்னா?"

அவன் அவங்ககிட்ட வேண்டுதலைச் சொன்னதே இல்லை. அப்போதான் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நானும் தங்கச்சியும் காபி வாங்கப் போறோம்னு சொல்லிட்டு நகர்ந்துட்டோம். அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு நான் கேட்டுக்கலை.

மேலே போன ரெண்டு பேரும் சாயங்காலம் ஏழு மணிக்கு இறங்கி வந்தாங்க. ஒருத்தன் உச்சி வரைக்கும். இன்னொருத்தன் 99 வளைவு முடியற இடத்தில் மத்தியானம் மேகம் கட்டறதைப் பார்த்துத் திரும்பிட்டான். மின்னல் நேரத்தில் அந்த முகட்டில் நிற்கக் கூடாதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். ரெண்டு பேரும் லோன் பைனில் ஆளுக்கு ரெண்டு பர்கர் சாப்பிட்டாங்க. திரும்பி வர்ற வழியில் மூணரை மணி நேரமும் பாட்டுத்தான். தம்பிதான் சத்தமா பாடினான்.

போகணும்னு நினைக்கிற பிள்ளைங்க கேட்பீங்கன்னு தெரியும், அதனால சில விஷயம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி கணக்கு வெச்சுக்கோங்க. பாலைவனத்தில் வியர்வை உடனே காஞ்சுடும், வியர்க்கறதே தெரியாது. காய்ந்த ஓடைப் படுகையில் சமதளமா இருக்கேன்னு டெண்ட் போடாதீங்க, எங்கேயோ மலையில் பெய்யற மழை சொல்லாம வரும். காலையில் ஷூவை உதறிட்டுப் போடுங்க. முடிஞ்சா மேலே ஒரு ராத்திரிக்குப் பதில் ரெண்டு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்குங்க. விட்னி பாதையில் மலம் கழிச்சா அதையும் பையில் கட்டிக் கீழே கொண்டு வரணும், அதுக்குன்னு பை கொடுக்கறாங்க. முகம் சுளிக்காதீங்க, கோயில் குளத்தை நாம வெச்சிருக்கிற லட்சணத்துக்கு அந்தப் பை மேல்.

அப்புறம் பஞ்சாமிர்தம். ஊரிலிருந்து வந்ததுன்னு ஆசையா ஒரு டப்பா கொண்டு போயிருந்தோம். போர்ட்டலில் கரடி நடமாட்டம் உண்டு. வாழைப்பழமும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த வாசனை, கேட்கவே வேண்டாம். சாப்பாடு மட்டுமில்லை, சந்தனம், ஊதுபத்தி, வாசனை விபூதி எல்லாமே இரும்புப் பெட்டிக்குள்ளதான் போகணும். காருக்குள்ள வெச்சா காரைக் கிழிச்சிடும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டித் தாழ்ப்பாள் சரியா விழுந்ததான்னு ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!